பதிமூணாவது வளைவில் ஒரு பேயாட்டம்!

வால்பாறை போயிருக்கீங்களா பாஸ்? போகலைன்னா அடுத்த லீவுக்கு அதுதான் ப்ளான். பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். முதல் பாதி தென்னந்தோப்பு, தென்னந்தோப்பு, அப்புறமும் தென்னந்தோப்பு. ஆழியாறு அணை வந்ததும் ஃபாரஸ்ட் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் ஆரம்பிக்கும் ஆட்டம்... மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்காங்க. எண்ணிக்கிட்டே போகலாம். எண்ண முடியாதவங்க எங்க அத்தை மாதிரி எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே போகலாம்.

நான் போனது பஸ்ஸிலோ பைக்கிலோ இல்லை. எங்க மாமாவோட 1996 மாடல் டீசல் அம்பாஸடரில். சிரிக்காதீங்க! கொல்கத்தா பக்கத்தில் உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் ஆரம்பிச்சு 2014 வரைக்கும் தயாரிச்ச வண்டி அது. மாமா வண்டியில் இருப்பது 1489 சிசி டீசல் இன்ஜின். நாற்பது குதிரைக்கும் குறைவான சக்தி. இப்ப நம்ம காலேஜ் பார்க்கிங்கில் நிற்கிற சில பைக்குகளுக்கே அதைவிட பவர் ஜாஸ்தி. ஆனா மாமா அதைத் துடைக்கிறதைப் பார்க்கணுமே... பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கும். முப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷன். கல்யாணம், காதுகுத்து, பிரசவம்னு அந்த வண்டி பார்க்காத விசேஷம் எங்க சொந்தத்தில் கிடையாது. நான் பொறந்தப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அதிலேதான்னு அம்மா சொல்வாங்க.

இந்தத் தடவை வேண்டுதல் கருமலை பாலாஜி கோயிலுக்கு. வண்டியில் மாமா, அத்தை, அவங்க பையன் (ஆறாவது படிக்கிற வாலு), அப்புறம் நான். பின் சீட்டில் ஒரு தூக்குப் போசி நிறைய தக்காளி சாதம்.

கிளம்புறதுக்கு முன்னாடி நடந்த ஒரு மேட்டரை இப்பவே சொல்லிடறேன். காலையில் அஞ்சு மணி. மாமா குளிக்கப் போயிருந்தார். 'மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறோம், நாம பார்க்காம யார் பார்க்கிறது?'ன்னு கெத்தா பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. 'அடக் கொடுமையே!'ன்னு டிக்கியில் இருந்த கேனை எடுத்து ஊத்தினேன். ஒரு லிட்டருக்கும் மேலேயே போயிருக்கும். மேல் கோடு வந்தப்போதான் நிறுத்தினேன். வண்டி நின்னுட்டிருந்தது மாமா வீட்டு வாசல் சரிவில், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு! ஆயில் எல்லாம் பின்பக்கமா ஒதுங்கியிருக்கும், டிப்ஸ்டிக் பொய்தான் சொல்லும்ங்கிற சின்ன விஷயம் இந்த இன்ஜினீயருக்குத் தோணலை. கேனை மூடி, டிக்கியில் வெச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு நல்ல பிள்ளையா காபி குடிக்கப் போயிட்டேன். மாமாகிட்ட சொல்லவும் இல்லை.

சமவெளியில் ஒரு பிரச்னையும் இல்லை. ஆழியாறு வரைக்கும் வண்டி வழக்கம்போல 'டக டக டக'ன்னு பேசிக்கிட்டே வந்தது. மலை ஏற ஆரம்பிச்சதும் பின்னாடி புகை கொஞ்சம் நீலமாத் தெரிஞ்சது. "வயசாயிடுச்சுல்ல மாப்ள, அதுவும் மூச்சு வாங்குது"ன்னு மாமா சொன்னார். ஒன்பதாவது வளைவில் நிறுத்தினோம். அதுதான் லோம்ஸ் வியூ. இந்த மலைப்பாதையைப் போட்ட இன்ஜினீயர் லோம் பேரை வெச்சிருக்காங்க. அங்கே நின்னு கீழே பார்த்தா, ஆழியாறு அணைத் தண்ணி ஒரு நீலத் துண்டு மாதிரி கிடக்குது. அதுக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியே ஒரு பச்சைப் பாய்! பாறை விளிம்பில் ரெண்டு வரையாடுகள் நின்னு எங்களை ஒரு லுக் விட்டுச்சு பாருங்க... 'இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறி வர்றீங்களே, பாவம்!'னு கேட்கிற மாதிரி இருந்துச்சு.

போட்டோ எடுத்துட்டுக் கிளம்பினோம். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு... வாலு சத்தமா எண்ணிக்கிட்டே வந்தான். "பதிமூ..."ன்னு ஆரம்பிச்சப்போ மாமா வளைவை முடிச்சு, ஸ்டியரிங்கை நேராக்கி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

இன்ஜின் சத்தம் குறையலை.

குறையலைன்னு சொல்றதைவிட ஏறிச்சுன்னு சொல்லணும். முதல்ல 'ங்...'ன்னு ஆரம்பிச்சு, அப்புறம் கத்தல், அப்புறம் ஊளை. அந்த வண்டியிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. மாமா காலைத் தூக்கியே வெச்சிருக்கார். ஆனா வண்டி தானாப் பிச்சுக்கிட்டு மேலே ஓடுது! பின் கண்ணாடியில் ரோடே தெரியலை, வெள்ளையா புகை மூட்டம். அத்தை கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு எங்கேயோ போயிடுச்சு.

"சாவியை ஆஃப் பண்ணுங்க மாமா!"ன்னு கத்தினேன். டேஷ்போர்டுக்குக் கீழே டீசலை நிறுத்துற குமிழ் ஒண்ணு உண்டு. இழுத்தா இன்ஜின் நிக்கணும். மாமா அதை ஏற்கெனவே இழுத்துப் பிடிச்சிருந்தார். ஒண்ணும் ஆகலை. "கிளட்ச்சை மிதிங்க மாமா, கிளட்ச்!"ன்னு மறுபடியும் கத்தினேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன ப்ரேக். வளைவிலேயே உங்களை நிறுத்தி வெச்சதுக்கு ஸாரி. ஆனா உள்ளே என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாதான் மாமா அடுத்து செஞ்ச வேலையோட அருமை புரியும்.

பெட்ரோல் இன்ஜின் சமத்து. ஸ்பார்க்கை நிறுத்தினா கப்சிப். டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. காத்தை இருபது மடங்குக்கு மேல அமுக்குது. அது 500 டிகிரியையும் தாண்டிக் கொதிக்குது. அந்த நேரம் பார்த்து டீசலைப் பீய்ச்சினா தானாப் பத்திக்கும். இந்த மாதிரி பழைய வண்டியில் இன்ஜின் கேட்கிற காத்தெல்லாம் தடையில்லாம உள்ளே போகும். நாம ஆக்ஸிலேட்டரில் சொல்றது 'எவ்வளவு டீசல்?'ங்கிறதை மட்டும்தான். அப்ப நிறுத்தணும்னா டீசலை நிறுத்தணும். அவ்வளவுதான் நம்மகிட்ட இருக்கிற கடிவாளம்.

சரி, காத்தோட சேர்ந்து எரியக்கூடிய வேற ஏதாவது உள்ளே வந்தா? இன்ஜின் 'நீ டீசலா?'ன்னு ஐ.டி. கார்டு கேட்காது, எரிச்சுடும். தேய்ஞ்சுபோன பழைய இன்ஜினில் பிஸ்டன் ரிங் வழியா கேஸ் கசிஞ்சு, ஆயில் இருக்கிற கீழ் அறைக்குப் போகும். அந்த கேஸ் வெளியே வர ஒரு ரப்பர் ஹோஸ் உண்டு. அது ஏர் ஃபில்டர் பக்கமாப் போய் சேரும். ஆயில் அளவோட இருந்தா பிரச்னையில்லை. அளவுக்கு மேல இருந்தா, சுத்துற கிராங்க் ஷாஃப்ட் அதை மோரு கடையிற மாதிரி கடைஞ்சு நுரையாக்கிடும். கேஸ் அந்த நுரையையும் அள்ளிக்கிட்டு ஹோஸ் வழியா இன்ஜினோட மூக்குக்கே போகும். அதை எரிச்சு இன்ஜின் வேகமாச் சுத்த, இன்னும் கேஸ் கசியும். இன்னும் ஆயில் வரும். இன்னும் வேகம்! டீசல் பம்ப்பை மூடினாலும் கவலையே இல்லை, அதோட சாப்பாடு வேற வழியா வந்துட்டிருக்கு. இப்படித் தன் ஆயிலைத் தானே குடிச்சு முடிச்சு ஜாம் ஆகும், இல்லைன்னா கனெக்டிங் ராட் உடைஞ்சு இன்ஜின் பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளியே வரும்.

ஆயில்தான்னு இல்லை, காத்தில் எரியிற கேஸ் கலந்திருந்தாலும் இதே கதைதான். 2005 மார்ச் 23-ம் தேதி அமெரிக்காவில் டெக்ஸாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு விபத்து. ஒரு கோபுரம் நிரம்பி வழிஞ்சு, பெட்ரோலிய ஆவி மேகம் மாதிரி தரையில் பரவுச்சு. பக்கத்தில் ஐடிலில் நின்ன ஒரு டீசல் பிக்கப் வண்டி அந்த ஆவியைக் குடிச்சு வெறி பிடிச்சு ஓட, பெரும்பாலும் அதிலிருந்துதான் தீ பிடிச்சிருக்கும்னு விசாரணையில் சொன்னாங்க. அந்த விபத்தில் இறந்தவங்க 15 பேர். அதனாலதான் எரிவாயு கசியக்கூடிய இடங்களில் ஓடுற டீசல் இன்ஜின்களுக்குக் காத்தையே அடைக்கிற வால்வு போடுறாங்க. டெட்ராய்ட் டீசல் கம்பெனியோட பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில்கூட ஆபத்துக்கு இழுக்க ஒரு காத்து மூடி இருந்துச்சு. டீசலை நிறுத்தினாலும் கேட்காத இன்ஜின், காத்தை நிறுத்தினா கேட்டே ஆகணும்!

ஓகே, மறுபடியும் பதிமூணாவது வளைவுக்கு வாங்க.

நான் "கிளட்ச்! கிளட்ச்!"னு கத்தினேன்ல? மாமா அப்படியே மிதிச்சு வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நீங்களே சொல்லிடுவீங்க. வண்டி எடை, மலை ஏத்தம் எல்லாம்தான் அந்த இன்ஜினைக் கொஞ்சமாவது பிடிச்சு வெச்சிருந்துச்சு. கிளட்ச்சை மிதிச்ச நொடியில் அந்தக் கயிறும் அவிழ்ந்திடும். வெறும் இன்ஜின், இழுக்க பாரம் இல்லை, குடிக்க ஆயில் இருக்கு... அவ்வளவுதான், சோலி முடிஞ்சிருக்கும். மூணு வருஷமா இதையெல்லாம் படிச்சு எழுதி பாஸான ஆள் நான். கத்தினது என்னவோ தப்பான பதில்!

மாமா ஒரு வார்த்தை பேசலை. செகண்ட் கியரிலிருந்து ஒரே தட்டு. கண் மூடித் திறக்கிற நேரத்துக்குத்தான் கிளட்ச்சில் கால் போச்சு. அந்த ஒரு நொடி இன்ஜின் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு. நேரா டாப் கியர். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து, ரெண்டு காலையும் பிரேக் மேல போட்டு ஏறி நின்னார். நிஜமாவே நின்னார், சீட்டிலிருந்து எழுந்து! இடது கையில் ஹேண்ட் பிரேக். வண்டி மொத்தமும் குலுங்குது. கிளட்ச் கருகுற வாசனை. மலைப்பாதை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பு உயரச் சுவர், அதுக்கு அப்புறம் ஆழியாறு. இன்ஜின் 'விட மாட்டேன்'னு இழுக்குது, மாமா 'விட மாட்டேன்'னு அமுக்குறார். 'ங்ங்...டக்...டக்...'

டக்.

அமைதி. காட்டில் ஏதோ ஒரு பறவை கத்தினது அப்பதான் கேட்டுச்சு. வாலு மெதுவா, "...ணு"ன்னு முடிச்சான்.

மொத்தமே பத்து, பன்னெண்டு செகண்டுதான் இருக்கும். எனக்கு ஒரு செமஸ்டர் மாதிரி இருந்துச்சு.

"மாப்ள, இறங்கி பின் வீலுக்குக் கல்லு வை. நீங்க ரெண்டு பேரும் அக்கட்டால தள்ளிப் போய் நில்லுங்க. பானெட் பக்கம் யாரும் வரக்கூடாது"ன்னு மாமா சொன்னார். குரல் நடுங்கலை. கைதான் நடுங்குச்சு.

பின்னாடி வந்த பஸ் நின்னுடுச்சு. டிரைவர் இறங்கி வந்து புகையைப் பார்த்ததுமே புரிஞ்சுக்கிட்டார். "டாப்புல போட்டு அமுக்கிட்டீங்களாண்ணா? நல்ல காரியம் பண்ணுனீங்க"ன்னார். அவருக்குத் தெரிஞ்ச ஒரு லாரிக்காரர் இதே மாதிரி ஆனப்போ ஏர் குழாயைச் சட்டையைச் சுருட்டி அடைக்கப் போய், சட்டையையே இன்ஜின் உறிஞ்சிடுச்சாம். "கை போகாம தப்பிச்சாரே, அதைச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, அத்தையையும் வாலுவையும் தக்காளி சாதத்தோட பஸ்ஸில் ஏத்திக்கிட்டார். சாமிக்கு வேண்டிக்கிட்டதை நிறுத்தக் கூடாதுன்னு அத்தை கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஆக, வேண்டுதல் நிறைவேறுச்சு. எங்க பசிதான் நிறைவேறலை.

வால்பாறையிலிருந்து மெக்கானிக் பைக்கில் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் நானும் மாமாவும் சுவரில் உட்கார்ந்திருந்தோம். மேலேயிருந்து மஞ்சு இறங்கி, வண்டியை மூடி, மறுபடியும் காட்டி, கண்ணாமூச்சி ஆடிட்டிருந்துச்சு. இவ்வளவு அழகான இடத்தில் இவ்வளவு கேவலமா நான் எப்பவும் உட்கார்ந்ததில்லை. எனக்கு அதுக்குள்ளே புரிஞ்சு போச்சு. காலையில் ஊத்தின ஆயில், வாசல் சரிவு, நீலப் புகை... எல்லாம் வரிசையா வந்து எதிரே நின்னுடுச்சு. 'மாமா...'ன்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். ரெண்டு தடவையும் "என்ன மாப்ள?"ன்னு கேட்டார். ரெண்டு தடவையும் "ஒண்ணுமில்லைங்க மாமா"ன்னுட்டேன்.

மெக்கானிக் முதல்ல வண்டியைச் சமமான இடத்துக்குத் தள்ளச் சொன்னார். நாலாவது கியரில் வெச்சு முன்னும் பின்னும் அசைச்சுப் பார்த்தார். இன்ஜின் ஜாம் ஆகலை. ஏர் ஃபில்டரைக் கழட்டினார். உள்ளே ஆயில், வடை சுட்ட சட்டி மாதிரி தேங்கிக் கிடந்துச்சு. ஹோஸிலிருந்து சொட்டுது. அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவினார். ரெண்டு கோட்டையும் தாண்டி, கம்பியில் பாதி வரைக்கும் ஆயில்.

"ஏனுங்ணா, யாரு இத்தனை ஆயிலை ஊத்துனது?"

எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. வாயைத் திறக்கிறதுக்குள்ளே மாமா சொன்னார். "நான்தானப்பா. காலையில இருட்டுல கணக்கு தப்பிடுச்சு."

மெக்கானிக் விடலை. "முப்பது வருஷம் வண்டி ஓட்டுறீங்க, இது தெரியாதுங்களா? குடும்பத்தை வெச்சுக்கிட்டு மலை ஏறுறீங்க..."ன்னு திட்டிக்கிட்டே போறார். மாமா தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிறார். நான் அணையைப் பார்த்துட்டு நின்னேன். மஞ்சில் அணை தெரியவே இல்லை. ஆனாலும் அதையேதான் பார்த்துட்டு நின்னேன்.

அதிகப்படி ஆயிலை ஒரு கேனில் பிடிச்சார். ஒரு லிட்டருக்கு மேலேயே வந்துச்சு. நாலு ஹீட்டர் பிளக்கையும் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சப்போ, ஓட்டை வழியா ஆயில் பீய்ச்சிக்கிட்டு வெளியே வந்துச்சு. சிலிண்டருக்குள்ளே ஆயில் நிக்கும்போது அப்படியே ஸ்டார்ட் பண்ணினா, அமுங்காத ஆயில் ராடை வளைச்சிடுமாம். நோட் பண்ணிக்கோங்க, இந்த மாதிரி நின்னுபோன வண்டியை 'ஒரு தடவை ட்ரை பண்ணிப் பார்ப்போமே'ன்னு சாவியைத் திருகிடாதீங்க. அதே மாதிரி, ஓடிட்டிருக்கும்போது பயத்தில் சாவியை உருவி எடுத்துடாதீங்க, நிறைய வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டின்னா மாமா ட்ரிக் செல்லாது, வண்டியை ஓரங்கட்டிட்டு ஆளுங்களைத் தள்ளி நிறுத்தறதுதான் முதல் வேலை. உங்க வீட்டில் டர்போ டீசல் இருந்தா 'நமக்கு என்ன'ன்னு சிரிக்காதீங்க. டர்போவோட சீல் தேய்ஞ்சாலும் ஆயில் நேரா இன்ஜின் மூக்குக்குத்தான் போகும்.

கடைசியா, அந்த ஹோஸை ஏர் ஃபில்டரிலிருந்து பிரிச்சு, ஒரு காலி வாட்டர் பாட்டிலுக்குள்ளே விட்டு, மூச்சு விட இடம் கொடுத்துக் கட்டினார். இனிமே ஆயில் வந்தாலும் பாட்டிலுக்குத்தான் போகும். ஊர் போய்ச் சேர்றதுக்கான ஏற்பாடுதான் அது. ரிங் தேய்ஞ்சு போச்சு, இன்ஜினை இறக்கியே ஆகணும்னு சொல்லிட்டார்.

இப்ப ஸ்டார்ட் பண்ணணும். மெக்கானிக் தன் பையிலிருந்து ஒரு ப்ளைவுட் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "தம்பி இன்ஜினீயருக்குப் படிக்கிறீங்களாமா? இந்தாங்க. மறுபடியும் கத்த ஆரம்பிச்சா, காத்து போற வாயை இதை வெச்சு மூடணும். கையை மட்டும் வெச்சுடாதீங்க. நேரா குனிஞ்சு நிக்காம, ஓரமா நில்லுங்க."

திறந்து கிடக்கிற அந்த ஓட்டைக்கு மேலே பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க... வைவா, அரியர் ரிசல்ட் எதுவும் பக்கத்தில் வராது. மாமா செல்ஃப் அடிச்சார். 'கர்ர்... கர்ர்...' புகை. ஒரு உறுமல். பலகை என் கையில் ஆடுது. மெக்கானிக் கையைக் காட்டி 'பொறு'ங்கிறார்.

டக டக டக டக.

அதே பழைய பேச்சு. மெக்கானிக் ரெண்டு தடவை ஆக்ஸிலேட்டர் கொடுத்து விட்டார். ஏறிச்சு, இறங்கிச்சு. பலகையைக் கீழே வெக்கவே எனக்கு மனசு வரலை.

மேலே ஏத்தவே கூடாது, இறக்கத்தில் இன்ஜினுக்குப் பாரம் கம்மி, மெதுவா பொள்ளாச்சிக்கே போயிடுங்கன்னு சொல்லிட்டு மெக்கானிக் கிளம்பினார். இருபத்தேழு வளைவு பாக்கி இருக்க, நாங்க யூ டர்ன் அடிச்சோம். அந்த வண்டியில் நான் வால்பாறை பார்க்கலை மக்களே. அட்டகட்டிகூட பார்க்கலை. புதுத்தோட்டத்தில் ரோட்டோரமா வர்ற சோலைமந்திகளை வாலு மட்டும் பஸ் ஜன்னலில் பார்த்துட்டு, இன்னிக்கு வரைக்கும் வெறுப்பேத்துறான்.

பன்னெண்டு, பதினொண்ணு, பத்து... இந்தத் தடவை நான்தான் மனசுக்குள்ளே எண்ணினேன். லோம்ஸ் வியூ வந்ததும் மாமா ஓரமா நிறுத்தினார். இன்ஜினை ஆஃப் பண்ணாம, இறங்கிப் போய் பாட்டிலைப் பார்த்துட்டு வந்தார். கொஞ்சமா ஆயில் சேர்ந்திருந்துச்சு. திரும்ப உட்கார்ந்து, கதவைச் சாத்திட்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாப்ள, அடுத்த தடவை ஆயில் பார்க்கிறப்ப வண்டியைச் சமதளத்துல நிறுத்து. அஞ்சு நிமிஷம் விடு. ஒருக்கா உருவித் துடைச்சுட்டு, மறுக்கா விட்டுப் பாரு. சரியா?"

"சரிங்க மாமா."

"போசில கொஞ்சமாச்சும் மிச்சம் வெச்சிருப்பாளா உங்கத்தை?"ன்னு கேட்டுக்கிட்டே வண்டியை எடுத்தார்.